ஈர வலயம் முடியும் இடம்: நக்கிள்ஸ் பயணக் குறிப்புகள்

வியாழன், ரத்தோட்டை

அட்டனில் விடியப் பஸ் ஏறி, கண்டியில் மாறி, மாத்தளைக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் ரத்தோட்டை பஸ்ஸைப் பிடித்தேன். கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக நடந்து வந்த நம் ஆட்களுக்கு மாத்தளைதான் மலைநாட்டின் வாசல். தண்ணீர் இல்லாமலும் வாந்திபேதியிலும் அந்த வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். இந்தக் கோயிலுக்கு வரும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

ஓகஸ்ட் விடுமுறை. நான் புவியியல் ஆசிரியை. ஈர வலயம், உலர் வலயம் என்று இலங்கைப் படத்தில் பிள்ளைகளைக் கோடு போட வைக்கிறேன். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் ஈர வலயம், 1750க்குக் குறைந்தால் உலர் வலயம், இரண்டுக்கும் நடுவில் இடை வலயம். படத்தில் அது மெல்லிய கோடுதான். அந்தக் கோட்டுக்கு மேலேயே படுத்திருக்கிற மலை நக்கிள்ஸ். சிங்களவர்கள் தும்பறை மலைத்தொடர் என்பார்கள். கண்டி, மாத்தளை மாவட்டங்களில் விரிந்திருக்கும் இந்த மலையில், ஒரு பக்கம் முகில் உரசும் ஈரக்காடு, மறுபக்கம் வெயிலில் காயும் புல்வெளி. நம் நாட்டில் பாலைவனம் கிடையாது. ஆனால் ஈரத்திலிருந்து வறட்சிக்கு இவ்வளவு சீக்கிரமாக இறங்கிவிடக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மாமியும் மாமாவும் இருக்கிறார்கள். மாமா இளந்தாரிக் காலத்தில் இந்தக் காட்டுக்குள் ஏலக்காய் வேலை பார்த்தவர். நாளைக்கு அவரும் வருகிறார். அவர்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் மிளகுக் கொடிகளுக்கு மேலே மலை முழுக்க முகில். நாளைக்குக் காற்று பலமாக இருக்கும் என்று மாமா சொல்கிறார்.

வெள்ளி, ரிவர்ஸ்டன்

பக்கத்து வீட்டுத் தம்பியின் வேனில் கிளம்பினோம். பாதை ஒடுங்கலானது, வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துத்தான் போக வேண்டும். தேயிலை மலையும் மிளகுத் தோட்டமும் கீழே இறங்கிக்கொண்டே போக, காதில் அடைப்பு விழுந்தது. அப்புறம் முகிலுக்குள் நுழைந்தோம். முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு லைட் மட்டும்தான் தெரிந்தது.

ரிவர்ஸ்டன் கணவாயில் வேனை நிறுத்திவிட்டு, ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் பாதையில் நடந்தோம். வேன் கதவைத் திறக்கவே இருவர் தள்ள வேண்டியிருந்தது, காற்று அப்படி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, ஏறி, இந்த இடைவெளியால்தான் மறுபக்கம் பாய்கிறது. சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு குனிந்தே நடந்தேன்.

பாதையோரம் மரங்களைப் பார்த்தால் வயது தெரியாது. அடிமரம் தடித்து முறுக்கேறி இருக்கிறது, உயரம் மட்டும் என் தலைக்குக் கொஞ்சம் மேலே. காற்று அதற்கு மேலே வளர விடுவதில்லை. கிளைகளில் பட்டையே தெரியாதபடி பாசி, பாசிக்குள் சின்னஞ்சிறு ஓர்க்கிட்டுகள், நுனிகளில் நரைத்த தாடியைப் போலத் தொங்கும் மரப்பாசி.

மழை பெய்யவில்லை. ஆனால் மரத்துக்கடியில் நின்றால் நனைகிறது. ஒரு கிளைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினேன். பாசியின் நுனியில் துளி திரண்டு, கனத்து, சொட்டியது. அடுத்தது உடனே திரளத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் கைக்குழி நிறைந்துவிட்டது. முகில் காட்டின் வேலை இதுதான். முகில் மழையாக விழாமலே கடந்து போகும்போது, இலையும் பாசியும் அதிலிருக்கும் நீர்த்திவலைகளைப் பிடித்துச் சேர்த்து மண்ணுக்கு இறக்குகின்றன. மழைமானியில் இந்தத் தண்ணீர் சரியாக அகப்படாது. மரத்தை வெட்டினால் இந்தத் தண்ணீரும் போய்விடும். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் தாண்டிப்போன விஷயம், கையில் குளிர்ந்து கிடந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மாமா முன்னால் போனவர் சட்டென்று நின்று கையைக் காட்டினார்.

"மெதுவா வா புள்ள. கிளைய அசைக்காத."

முதலில் பாசிதான் தெரிந்தது. அப்புறம் அதில் ஒரு கண் அசைந்தது. ஓணான். வாலோடு சேர்த்து ஒரு சாண் இருக்கும். பாசிப்பச்சை உடம்பு பக்கவாட்டில் தட்டையாக இருந்தது. மூக்கு நுனியில் சின்ன இலை ஒன்றை நிமிர்த்தி வைத்த மாதிரி சதைத் தகடு. இந்த இலைமூக்கு ஓணான் உலகத்தில் நக்கிள்ஸைத் தவிர வேறெங்கும் இல்லை. 1861இல் குந்தர் என்ற விலங்கியலாளர் இதை விவரித்து, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டின் பெயரை வைத்தார். ஹோட்டன் சமவெளியில் இதன் உறவுக்காரன் உண்டு, அதன் மூக்கில் நீண்ட கொம்பு. இந்தக் கொம்பு ஓணான் இனங்கள் எல்லாமே நம் தீவுக்கு மட்டும் சொந்தம்.

அது ஓடவில்லை. ஒரு காலைத் தூக்கி, யோசிப்பது போல அந்தரத்தில் வைத்திருந்து, அப்புறம் மெல்லக் கிளையில் பதித்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது நகர்ந்தது ஒரு விரல் அளவுதான். மாமா அதைத் தொடவும் விடவில்லை, பளிச்சென்று லைட் அடித்துப் படம் எடுக்கவும் விடவில்லை. சரியான காரியம். இவ்வளவு மெதுவாக நடக்கும் பிராணிக்கு நம்மிடமிருந்து தப்ப வழியில்லை. இப்படிப்பட்ட அபூர்வப் பிராணிகளைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

திரும்பும்போது காற்று மறைவில் ஒரு பாறையடியில் உட்கார்ந்து, மாமி கட்டிக்கொடுத்த ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். செருப்பைக் கழற்றி அட்டைகளைப் பிடுங்கியபடியே மாமா ஏலக்காய்க் கதையைத் தொடங்கினார்.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும். அதனால் பெரிய மரங்களை விட்டுவிட்டு, கீழே இருக்கும் செடி, கன்று, கொடி எல்லாவற்றையும் வெட்டித் துப்பரவாக்கி ஏலம் நடுவார்கள். காய் செடியின் தலையில் வராது. அடியில் தரையோடு படர்கிற தண்டில்தான் பூத்துக் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தபடிதான் பறிக்க வேண்டும். பறித்த காயை அன்றைக்கே உலர்த்தும் கொட்டகைக்குக் கொண்டு போய் இரவு பகலாகச் சூடு கொடுக்க வேண்டும். விறகு? அதுவும் இதே காட்டில்தான்.

"மேல பார்த்தா காடு அப்படியே இருக்கும். கீழ பார்த்தா ஒரு கன்று கிடையாது. பெரிய மரம் செத்தா அந்த எடத்துக்கு வர மரமே இல்ல. அது எங்களுக்கு அப்ப விளங்கல்ல. சம்பளம் வந்துச்சு, புள்ளைகள் சாப்பிட்டுச்சு."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏலத்தில் பணம் பார்த்தவர்கள் வேறு, குனிந்து பறித்தவர்கள் வேறு. காட்டுக்குள் ஏலம் பயிரிடுவது இப்போது தடை. பாதையிலிருந்து கொஞ்சம் விலகி மாமா பழைய ஏலமலை ஒன்றைக் காட்டினார். கவனிப்பாரில்லாத ஏலச்செடிகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் காட்டுமரக் கன்றுகள் எழும்பியிருந்தன. அவற்றின் பெயர்களைச் சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

உயரமான மலைக்காடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சு பழையது. இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடக் கூடாது என்று 1873இலேயே வலியுறுத்தினார். கோப்பிக்காக மலைமலையாகக் காடழித்த காலம் அது. அதற்கும் கீழே இருந்த காடு போனது போனதுதான். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக ஆனது 2000ஆம் ஆண்டில். 2010இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு இரண்டோடும் சேர்த்து மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. மூன்றிலும் பரப்பில் பெரியது நக்கிள்ஸ்தான், 31,000 ஹெக்டயருக்கு மேல்.

சனி, பிட்டவல பத்தனை

இன்றைக்கு நான் தேடி வந்த கோட்டைக் கடந்தேன்.

ரிவர்ஸ்டன் கணவாயில் வைப்பர் போட்டுக்கொண்டு வந்த வேன், கிழக்கே இறங்கத் தொடங்கிய சில வளைவுகளுக்குள் வெயிலுக்கு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் மலை முகட்டில் முகில் கூரை போட்டபடி நிற்கிறது. இந்தப் பக்கம் இறங்கி வருகிறது, கரைகிறது, மேலும் வருகிறது, கரைகிறது. ஈரத்தை மேற்கில் இறக்கிவிட்ட காற்று, கிழக்கே சரிந்து இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. மட்டக்களப்புக்காரர்கள் கச்சான் என்று சொல்லும் காற்று இதுதான். உதடு வெடிக்கத் தொடங்கியது. காலையில் போட்ட சுவெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

டிசெம்பரில் வந்தால் கதை மாறும். வாடைக்காற்று வங்காள விரிகுடாப் பக்கமிருந்து வந்து இந்தக் கிழக்குச் சரிவில் மழையைக் கொட்டும். ஆக, இந்தப் பக்கத்துச் செடிகொடிகள் அரை ஆண்டு வெள்ளத்தையும் அரை ஆண்டு காய்ச்சலையும் தாங்கப் பழகியவை.

பிட்டவல பத்தனை என்பது சாய்ந்து கிடக்கும் பெரும் பாறைத்தட்டு. அதன் மேல் மண் சில இடங்களில் நாலு விரல் ஆழம்கூட இல்லை. புல் கட்டையாக, பழுத்து, காற்றில் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. இடையிடையே நெல்லி, கடுக்காய், தான்றி போன்ற தடித்த பட்டை மரங்கள் குறுகிப்போய் நிற்கின்றன. புல்வெளி முடிகிற இடத்தில் பாறை செங்குத்தாக இறங்குகிறது. சின்ன உலக முடிவு என்று எல்லோரும் படம் எடுக்கும் இடம் அது. கீழே பள்ளத்தாக்கில் வயலும் ஊரும். பார்க்க அழகுதான், ஆனால் நான் வந்தது அதற்கல்ல.

ஊர்த் தம்பி ஒருவன் வழிகாட்டியாக வந்தான். மாமா அவனை மல்லி (சிங்களத்தில் தம்பி) என்று கூப்பிட்டார், அவன் மாமாவை மாமா என்றே கூப்பிட்டான். சிங்களமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டே எங்களைப் பாறையின் ஒரு வெடிப்புக்குக் கூட்டிப்போனான். சுற்றிலும் தீய்ந்த புல், கால் சுடும் பாறை. வெடிப்பின் அடியில் மட்டும் நூல் மாதிரித் தண்ணீர் கசிந்து, பாறையை ஒரு பாயளவுக்கு நனைத்திருந்தது.

"இங்க பாருங்க டீச்சர்."

நான் முழந்தாளிட்டு முகத்தைப் பாறைக்குக் கிட்டக் கொண்டு போனேன். ஈரப்பாறையில் கறுப்பாக நீளநீளமாகச் சில கோடுகள். விரல் நிழல் பட்டதும் ஒரு கோடு துடித்து நகர்ந்தது. தவளைக் குஞ்சு! குளத்தில் நீந்தும் தலைப்பிரட்டையைத்தான் எல்லோரும் பார்த்திருப்போம். இவை நீந்தவில்லை. உடம்பை மூடக்கூடப் போதாத அந்தத் தண்ணீர்ப் படலத்தில், பாறையோடு ஒட்டிக்கொண்டு, அதில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டித் தின்கின்றன. வால் மெல்லியது, நீண்டது. தாய்தகப்பன் வெடிப்புக்குள் இருந்தன. தட்டையான உடம்பு, பாறையின் புள்ளியும் வரியும் அப்படியே தோலில். டோர்ச் வெளிச்சத்தில் கண் மின்னாவிட்டால் கல் என்றே விட்டிருப்பேன். இந்தப் பாறைத்தவளையும் நக்கிள்ஸுக்கு மட்டுமே உரியது. தட்டையான உடம்பு இருப்பதால்தான் வெயில் நேரத்தில் இவ்வளவு ஒடுங்கிய இடுக்கில் நுழைந்து ஈரத்தோடு இருக்க முடிகிறது.

நேற்று என் கையில் சொட்டிய தண்ணீரும் இந்தப் பாறைக் கசிவும் ஒரே மலையின் தண்ணீர். முகட்டில் பாசி பிடித்துக் கொடுப்பது மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளில் மெல்ல மெல்ல வெளியே வருகிறது. மேலே காடு மெலிந்தால் வறட்சிக் காலத்தில் முதலில் நிற்பது இந்த மாதிரிக் கசிவுகள்தான். அப்போது இந்தக் குஞ்சுகள் ஒரே மத்தியானத்தில் காய்ந்துபோகும். படம் எடுக்க வருகிற கூட்டம் இந்தப் பாறைகளை மிதித்துக்கொண்டே போகிறது. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நான் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒருவர் ஈரப்பாறையில் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் தவளைக் குஞ்சுகளைக் காட்டினேன். மனிதர் பதறிப்போய் நகர்ந்தார், அப்புறம் தன் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். சொன்னால் கேட்கிற சனம்தான்.

பத்தனையின் மறுபக்கத்தில் ஒரு சரிவு முழுக்கக் கரி. தீ வைத்திருக்கிறார்கள். மாடுகளுக்கு இளம்புல் வரட்டும் என்று வைப்பதும் உண்டு, வேட்டைக்கு வைப்பதும் உண்டு, சும்மா எறிந்த சிகரெட்டாலும் பிடிக்கும். இந்தக் காற்றில் யாராலும் அணைக்க முடியாது. நெல்லியும் கடுக்காயும் தடித்த பட்டையால் தப்பிக்கொள்ளும், மானாப்புல் அடுத்த மழைக்குத் திரும்ப முளைக்கும். ஆனால் காட்டின் விளிம்பில் இருக்கும் மரங்களுக்கு அந்தப் பட்டை இல்லை. ஒவ்வொரு தீக்கும் காடு கொஞ்சம் பின்வாங்குகிறது, புல் கொஞ்சம் முன்னேறுகிறது. ஈர வலயத்தின் எல்லையை மனிதன் இப்படித்தான் நகர்த்துகிறான். கருகிய சரிவில் நடந்தபோது எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை.

இரவு இலுக்கும்புரயில், வழிகாட்டித் தம்பியின் ஆச்சி வீட்டில். குரக்கன் ரொட்டி, சுரைக்காய்க் கறி, பிளேன்டீயோடு கித்துள் கருப்பட்டி. குளிர் இல்லை. போர்வையில்லாமல் படுக்கிறேன்.

ஞாயிறு, தெல்கமு ஓயா, லக்கலை

காலையில் தெல்கமு ஓயாவில் குளித்தோம். ஓகஸ்டிலும் இடுப்பளவு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் எண்ணக்கூடிய தெளிவு. சேர எல்ல நீர்வீழ்ச்சிக்கும் போனோம். கூட்டம் அதிகம், சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

அப்புறம் லக்கலைப் பக்கம் இறங்கினோம். இங்கே முருங்கையும் சோளமும், காடு வெட்டிப் பயிரிடும் சேனைக் கொல்லைகளும் வந்துவிட்டன. சில இடங்களில் யானை வேலியும். களு கங்கை நீர்த்தேக்கத்தின் கரையில் வேனை நிறுத்தினோம். பழைய லக்கலை ஊரின் இடம் இப்போது இந்தத் தண்ணீருக்குள். சனங்களுக்குப் புதிய நகரம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது தண்ணீர் எங்கே போகிறது என்பது. இங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக மொரகஹகந்தை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மொரகஹகந்தை அம்பன் கங்கையை மறித்துக் கட்டியது, 2018இல் திறந்தார்கள். நக்கிள்ஸின் மேற்கே மாத்தளை வழியாக ஓடும் சுது கங்கையும் அதே அம்பன் கங்கைக்குத்தான் வருகிறது. அங்கிருந்து எலஹெர வாய்க்கால். மகாசேன மன்னன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய மின்னேரியாக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டு போகும் பழைய கால்வாய் அது. பின்னால் வந்தவர்கள் அதைக் கிரித்தலை, கவுடுல்லை, கந்தளாய் என்று நீட்டினார்கள்.

கந்தளாய்! திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய். சிறுபோக வயலுக்கு மழை கிடையாது, குளத்துத் தண்ணீர்தான். அந்த வயல்களுக்கு ரிவர்ஸ்டன் முகட்டுப் பாசி சொட்டிக் கொடுக்கும் தண்ணீரில் ஒரு பங்கு போய்ச் சேருகிறது. உலர் வலயம் சோறு தின்பது ஈர வலயக் காட்டின் தயவால். வரைபடத்தில் நான் போட வைக்கும் கோடு இரண்டையும் பிரிக்கிறது. தண்ணீரின் பாதையைப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அடுத்த தவணையில் பிள்ளைகளிடம் முதலில் ஆறுகளைத்தான் வரையச் சொல்லப் போகிறேன். வலயக் கோடு அதற்குப் பிறகு.

மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப நாங்க ஏலத்துக்கு வெட்டினது அவங்க வயலையும் சேர்த்தா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கன்றுகள் திரும்ப எழும்புகின்றனவே மாமா, நீங்கள்தானே காட்டினீர்கள் என்றேன். தலையாட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர வழியாக லக்கலைக்குப் பாதை போகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை ரிவர்ஸ்டனில் காற்று பலம், குடை உதவாது, தடித்த மேலங்கி வேண்டும். அட்டைக்குச் சவர்க்காரத்தையோ சித்தாலேப என்ற மூலிகைத் தைலத்தையோ காலில் பூசிக்கொள்ளுங்கள். பத்தனைக்குக் காலையிலேயே போங்கள், மத்தியானம் நிழல் கிடைக்காது. ஈரமாக இருக்கும் பாறையில் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள். நெருப்புப் பெட்டியை வேனிலேயே வைத்துவிடுங்கள்.